காதுகுத்து வீட்டில் நான் அடித்த 'டும்'

போன ஆவணியில், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காதுகுத்தில் நடந்தது இது.

முதலில் எங்கள் பேண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவகாசிக்கு வெளியே புதிதாக முளைத்த காலனி எங்களுடையது. பொங்கல் விழாவுக்குப் பேசியிருந்த பாட்டுக்குழு கடைசி நேரத்தில் வராமல் போக, கீபோர்டு வாசிக்கத் தெரிந்த டீச்சரும், பாடத் தெரிந்த அச்சக அண்ணனும் மேடையேறினார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன். அடுத்த மாதமே பிறந்தநாள், வளைகாப்பு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் எலக்ட்ரானிக் பேடு வாங்கினேன். குச்சியால் தட்டினால் நாம் ஏற்றிவைத்த சத்தம் வரும். எங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டுமே என்று லேப்டாப்பில் ஒரு 'டும்' செய்தேன். தரையே அதிர்கிற மாதிரி. 'இது இல்லை, இது இல்லை' என்று இரண்டு நாள் திருத்தி, 'ஆங், இதுதான்!' என்று துள்ளினேன்.

அதை முதன்முதலாக அந்தக் காதுகுத்தில்தான் அடித்தேன். காலை பதினோரு மணி. குத்துப்பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒரே அடி.

ஆட்டம் நின்றது. யாரும் அலறவில்லை. ஆடியவர்கள், காய் நறுக்கியவர்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் பந்தலுக்கு வெளியே வந்து, ஒரே பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்கள். பட்டாசுக் கம்பெனி எதுவும் வெடித்துவிட்டதா என்று புகையைத் தேடுகிறார்கள் எனப் புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. பிறகு எல்லார் காதிலும் போன்.

"எந்தப் பக்கம்லே?"

"தெக்கதாம்லே. காலுக்கடியில அதிருச்சு."

"ஸ்பீக்கர்ல நாங்கதான் போட்டோம்!" என்று மைக்கில் கத்தினேன். பலர் உட்கார்ந்தார்கள். குழந்தையின் அம்மா மட்டும் உட்காரவில்லை. அவருடைய கணவர், அவசர ஆர்டர் என்று பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாராம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

"சமாதானத்துக்குச் சொல்லாத பாப்பா. போன தடவையும் இப்படித்தான் ஒண்ணுமில்லன்னாக" என்றவர், குழந்தையைத் தன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். ஓடிப்போய் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன்.

வழியெல்லாம் காய்ந்த காடு. ஆள் நடமாட்டமே இல்லை. அவருடைய விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன.

"புகை இல்லையேக்கா" என்றேன்.

"பொகை மொதல்ல தெரியாது" என்றார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் அடித்த அதே நொடியில் நிஜமாகவே ஒன்று வெடித்திருந்தால்?

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பினார். கடைசியில், உடம்பெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடியோடு கணவர் வந்தார்.

"என்ன, கறி தீந்துருச்சுன்னு சொல்ல வந்தியாக்கும்?"

அந்த அக்கா கணவருடைய இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டி, விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சத்தம் ஒனக்கு எங்கன கெடச்சுச்சு?"

"நானாத்தான் செஞ்சேன்க்கா."

"நெசத்த காதால கேக்காமலா செஞ்ச?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பள்ளியில் ஒருநாள் தூரத்தில் ஒரு கம்பெனி வெடித்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தபோது, வகுப்பில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். எங்கள் வீட்டில் யாரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தோடுதான் என் 'டும்'மை இரண்டு நாளாக, எனக்கே தெரியாமல் ஒத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் பேண்டில் தவில் அண்ணன் ஒருவர் சேர்ந்திருக்கிறார். நிகழ்ச்சி பேசும்போதே, அன்றைக்கு வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த 'டும்'மை அன்றே அழித்துவிட்டேன். ஆனால், தேவைப்பட்டால் அதை அச்சு அசலாகத் திரும்பச் செய்ய என் காதுக்குத் தெரியும் என்பதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.