ரெஜிபோம் தேயிலை

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டப் பாடசாலை. சிவசக்தி டீச்சர் பிறந்து வளர்ந்ததெல்லாம் அதற்குக் கீழேயுள்ள தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்தான். வகுப்பறை யன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. வேறு எதையாவது பார்க்க ஆசைப்பட்டால் அண்ணாந்து வானத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்து வருடக்கணக்காகப் படிப்பித்தும், அரசாங்கத்தின் கண்ணுக்கு அவள் இன்னும் ஆசிரியை ஆகவில்லை. பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் நிரந்தர நியமனம். எழுத்துப் பரீட்சையெல்லாம் தாண்டிவிட்டாள். மிச்சமிருந்தது கற்பித்தல் மதிப்பீடு ஒன்றுதான்.

அதற்கு வந்தவர் புவனேந்திரன் சேர். சப்பாத்தில் சேறு பட்டுவிடுமோ என்பதைத் தவிர உலகத்தில் வேறு கவலை இல்லாத மனிதர். அன்றைய பாடம் நமது சூழலிலுள்ள தாவரங்கள். சிவசக்தி பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், தேயிலைச் செடியைத் தொடவைத்து, இலையைக் கசக்கி முகரவைத்து, வேர் முதல் குருத்து வரை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“கற்பித்தல் சாதனம் எங்க டீச்சர்?” என்றார் சேர்.

“இந்தச் செடிதாங்க சேர்.”

“இது செடி. நான் கேக்குறது சாதனம். நீங்க செஞ்சது ஏதாவது இருக்கா?”

நட்டது எங்க பூட்டன்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். புள்ளி போதாது, அடுத்த தவணை வருகிறேன் என்று சொல்லி, சப்பாத்தைப் புல்லில் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

சிவசக்தி பதுளை டவுனுக்குப் பஸ் ஏறினாள். முஸ்தாக் நானாவின் புத்தகக் கடையில் ஆசிரியர் படைக்கு வேண்டிய அத்தனை ஆயுதமும் உண்டு.

“தேயில மரமா டீச்சர்? ரெஜிபோம்ல செஞ்சது இரிக்கி. போன கெழமயும் ரெண்டு டீச்சர்மார் கொண்டு போனாங்க. நீங்களே செஞ்சதுண்டு சொல்லிக்கங்க.”

லயத்தில் பிறந்தவள் டவுனில் காசு கொடுத்துத் தேயிலை வாங்கினாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று வெட்கமாக இருந்தது. பெட்டிகளுக்குள் வைத்துவரும் அந்த வெள்ளை நுரை அட்டைக்கு அடித்திருந்த பச்சையோ எந்த மலையிலும் இல்லாத பச்சை.

மறு மதிப்பீட்டன்று அதை மேசைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டாள். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள், யன்னலைப் பார்த்தார்கள், மறுபடி அதைப் பார்த்தார்கள்.

“குரோட்டன் டீச்சர்,” என்றாள் மதுஷா, கொழுந்தெடுப்பவளின் மகள்.

சிவசக்தி ஓடிப்போய் யன்னலைச் சாத்தினாள். “வெளிய பாக்காதீங்க. இதப் பாருங்க. இதுதான் தேயில.”

“தேயில!” என்று பிள்ளைகள் ராகம் இழுத்தார்கள். சேர் முகமெல்லாம் பல்லாகப் புள்ளி போட்டார்.

சான்றிதழ் வந்தது, நியமனமும் நிரந்தரமானது. ஆனால் வாங்கிய தகுதியைக் காப்பாற்ற வேண்டாமா? அதற்கும் வருடாவருடம் சேர் வருவார். ரெஜிபோம் செடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளின் கை பட்டால் உடைந்துவிடுமாம்.

அடுத்த வருடம் அதே பிள்ளைகளோடு அவளும் தரம் நான்குக்கு ஏறியிருந்தாள். ஒருநாள் சேரின் வாகனம் மேட்டில் உறுமிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அவசரமாக அலுமாரியைத் திறந்து செடியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வகுப்பு இருட்டாக இருந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எல்லா யன்னல்களையும் சாத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“சரிதானே டீச்சர்?” என்றாள் மதுஷா.

சிவசக்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.