பாப்பா மார்க் ஆரஞ்சு

கிளியூர் பக்கம் மலைமேல் எங்களுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. பழத்தை மரப்பெட்டிகளில் அடுக்கிச் சேலம் மண்டிக்கு அனுப்புவோம். அப்போதெல்லாம் பெட்டிக்குப் பெட்டி வண்ண லேபிள் உண்டு. மயில், தாமரை, புலி. வாங்க வருகிறவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை. படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். நான் என் மகளின் படத்தைப் போட்டேன். சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோவைச் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். லேபிள் வந்த அன்று, பெட்டி பெட்டியாகத் தொட்டு, "நானு, நானு" என்று ஓடினாள்.

மண்டியில் பெட்டி தூக்குகிறவர்கள், "பாப்பா நொம்பக் கனக்கறாளுங்க, சோத்தக் கொறைங்க" என்று கேலி செய்வார்கள்.

மறுவருஷம் காய்ச்சலில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து முதல் லோடு கிளம்பியபோது என் மனைவி லாரிக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, இந்தப் படம் வேண்டாமுங்க. பெட்டிய ஒடச்சு அடுப்புல வெக்கறாங்க."

அச்சடித்தது தீரட்டும், மாற்றிவிடுகிறேன் என்றேன்.

தீர்ந்தது. மண்டிக்காரரிடம் சொன்னேன். "மயிலப் போட்டா மயில் வெலதானுங்க கெடைக்கும். பாப்பா பெட்டி எங்கேன்னுதான் தேடி வர்றாங்க" என்றார். மறுபடி அச்சடித்தேன். மனைவியிடம், பழசே இன்னும் தீரவில்லை என்றேன். புது மை வாசம் வீடு முழுக்க அடித்தது. அவள் பிறகு கேட்கவே இல்லை.

தன் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டவள், அடிவாரத்தில் ஒரு கடை வாசலில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இறங்கி அடுத்த பஸ்ஸில் மலையேறி வந்துவிட்டாள்.

மகள் நினைவாக வைத்திருக்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன். பொய். விலை போனதால் வைத்திருந்தேன். நோய் விழுந்து மரங்கள் பட்டுப்போகும் வரை வைத்திருந்தேன்.

போன மாதம் காப்பி ஆற்றிக்கொண்டே மனைவி கேட்டாள். "ஏனுங்க, அவ சிரிச்சா நெசமாலுமே கன்னத்துல குழி உளுவுங்களா?"

அச்சகத்து ஓவியர் அவளை வெளுப்பாக்கியதும், படிய வாரிய முடியைச் சுருட்டையாக்கியதும் எனக்குத் தெரியும். அந்தக் குழி அவர் வைத்ததா, அவளுடையதா? இருந்த ஒரே போட்டோவை நான் திருப்பி வாங்கவேயில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். லேபிள்தான் வந்தது.

"தெரியலியே" என்றேன்.

"எனக்கும் பெட்டி மேல இருந்தவதானுங்க வர்றா" என்றாள். "நம்ம புள்ள வரமாட்டேங்கறா."