நெற்றியில் வாங்கிய முதல் வெற்றி

1. கோடு

போர்ட் பிளேரில் கிளவுஸ் போடாமல் பரிசுக்குக் குத்துச்சண்டை போட்ட முதல் சிலரில் நானும் ஒருவன். ஜிம்முக்கு வரும் பையன்கள் இதைக் கேட்டதும் என் நெஞ்சை அளப்பார்கள். பார்க்க வேண்டியது முழங்காலை. முதல் சண்டையன்று அது என்னைக் கேட்காமலே ஆடிக்கொண்டிருந்தது.

ஜங்லிகாட்டில் சலீம் பாயின் பட்டறைக்குப் பின்னால்தான் சண்டை. பரிசு, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஃப்ரிட்ஜ். எதிராளி அப்பாராவ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவர் தோளைப் பார்த்ததும், ஃப்ரிட்ஜ் வேண்டாம், பானைத் தண்ணீரே போதும் என்று தோன்றிவிட்டது.

அடியைவிடக் கையை நினைத்துத்தான் பயம். நான் மோட்டார் ரீவைண்டிங் செய்பவன். மயிரிழைக் கம்பியைச் சுற்ற விரல் வேண்டும். வெறுங்கையால் குத்தினால் விரல் எலும்பு போய்விடும் என்று பலர் எச்சரித்திருந்தார்கள். விரல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

சண்டையை நடத்திய சலீம் பாய் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இருவரும் முன்காலைக் கோட்டில் வைத்து நிற்க வேண்டும். விலகினால் தோல்வி.

"கோட்டுக்கு வா மச்சான், ஏன் அங்கேயே நிக்கிற?"

"வர்றேன் பாய். கால் வரமாட்டேங்குது."

"காலை விட்டுட்டு நீ மட்டும் வா."

கூட்டம் சிரித்தது. அப்பாராவும் சிரித்தார். "டரோ மத் பாய், ஜல்தி கதம் கர்தூங்கா" என்றார். பயப்படாதே, சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று அர்த்தம். ஆறுதலா, மிரட்டலா என்று இன்றுவரை தெரியாது.

2. குத்து

ஸ்பேனரால் டிரம்மைத் தட்டினார்கள். அப்பாராவின் வலது கை பின்னால் போனது. கற்ற பயிற்சியெல்லாம் எனக்கு மறந்துபோனது. இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்து, கண்ணை மூடி, மோவாயை நெஞ்சில் புதைத்துக் குனிந்தேன்.

தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். என் மண்டைதான் என்று நினைத்து, பிள்ளைகள் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தால், அப்பாராவ் கோட்டுக்கு வெளியே கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"சிர் ஹை யா பத்தர்?" என்று முனகினார். தலையா கல்லா என்று எனக்கும் சந்தேகம்தான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

சலீம் பாய் என் கையை உயர்த்திப் பிடித்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

3. எக்ஸ்ரே

நான்தான் அப்பாராவை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே வரிசையில் நிற்கும்போது, ஒரு குத்தாவது விட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"தோ ஜீத்தா கைஸே?"

"டர் கே மாரே."

எப்படி ஜெயித்தாய் என்றதற்குப் பயத்தால் என்று சொன்னேன். அவர் வலியோடு சிரித்தார். பிறகு வீங்கிய விரல்களைப் பார்த்து, இனி கிரேன் லீவரை எப்படிப் பிடிப்பேன் என்று மெதுவாகக் கேட்டார். என் பயம் அப்படியே அவரிடம் போயிருந்தது. நன்றாக இருந்த என் கையைப் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டேன்.

கை எலும்பு கூடி அவர் கிரேனுக்குத் திரும்பும்வரை எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பாடம் இதுதான். நெற்றி எலும்பு விரல் எலும்பைவிடக் கெட்டி. வெறுங்கைச் சண்டையில் தலையைக் குத்தாதே, விலாவைக் குத்து. இதை நான் கற்றுக்கொண்டேன். அன்று கூட்டத்தில் நின்ற அத்தனை பேரும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த சண்டையில் நம்பிக்கையோடு நெற்றியை நீட்டினேன். வந்தவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.