சமணர் மலை முதல் பேரையூர் வரை: ஒரே நாளில் ஐந்து கூரைகள்

போன மாதம் பேரையூரில் நான் இடிக்க வாங்கிய பழைய வீட்டின் கூரை விழுந்து, சேகர் என்ற தொழிலாளியின் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி அவர் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய வீடுகளின் தேக்கு, தூண், கதவு வாங்கி விற்பது என் இருபது வருடத் தொழில். கட்டை உளுத்திருந்தது என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சென்ற ஞாயிறு, அவர் மனைவி லட்சுமியிடம் நஷ்டஈடு பேசக் கிளம்பினேன். நேரே போக மனம் வரவில்லை.

கூட வந்தவர் கொத்தனார் கருப்பையா. விபத்தன்று அவர் ஊரில் இல்லை. "கூரை எப்படி நிக்கிதுன்னே தெரியாம இம்புட்டு வருசம் கூரைய வித்திருக்கீகண்ணே. வாங்க, காட்டுறேன்" என்றார். கார் வாடகை நாளுக்கு 3,200 ரூபாய், டீசலோடு.

6.45: நாகமலை புதுக்கோட்டை பக்கம், கீழக்குயில்குடி சமணர் மலை. நகரிலிருந்து 15 கிலோமீட்டர். படியேறினால் குகைக்குள் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கட்டியது எதுவுமில்லை, மலையே கூரை.

8.00: திருப்பரங்குன்றம். கருவறை பாறையில் குடைந்தது. முன்மண்டபமோ தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பலகைக் கல் என்று அடுக்கியது. எடைதான் பிடிமானம்.

9.15: நாயக்கர் மகால். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் கூரைகளின் காலவரிசை தப்பாது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வளைவுகள். ஒரு கல் இன்னொன்றைத் தள்ளியபடி நிற்கிறது. மரமே தேவைப்படவில்லை.

10.30: பசுமலை. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றை வெளியில் நின்றுதான் பார்த்தோம். செங்கல் சுவர், குறுக்கே தேக்கு உத்தரம், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த கனத்த தளம். பேரையூர் வீடும் இதே வகை. இதைப் பிரிக்க ஒரு முறை உண்டு. முதலில் தளத்தை மேலிருந்து வெட்டி இறக்க வேண்டும், கட்டையில் கை வைப்பது கடைசியில்தான்.

கருப்பையா அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

திருமங்கலத்தில் சாப்பாடு, இரண்டு பேருக்கு 240 ரூபாய். பேரையூர் போய்ச் சேரும்போது மணி ஒன்று. சேகர் வீடு கான்கிரீட். தளத்தின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அன்றைய ஐந்தாவது கூரை. அதன் கீழே அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மூன்று லட்சம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் லட்சுமி கேட்டார்: "கட்டைய மொதல்ல உருவச் சொன்னது யாரு? இவரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

"நான்தாம்மா. மரம் வாங்குனவரு லாரி காத்துக்கிட்டு நின்னுச்சு, அவசரப்பட்டுட்டேன்."

"அப்ப உளுத்த கட்டைன்னு ஊரெல்லாம் சொன்னது?"

"பொய்."

கருப்பையா வாசலுக்குப் போய்விட்டார்.

"அத மொதல்ல எழுதிக் குடுங்க. காச அப்பறம் பேசுவோம்" என்றார் லட்சுமி.

இந்தப் பாதையில் போகிறவர்கள் மலையை வெயிலுக்கு முன்பும், கோயிலை மதியம் நடை சாத்துவதற்கு முன்பும் முடித்துவிடுங்கள். மகாலுக்கு ஒன்பதுக்கு மேல் போங்கள். பேரையூர் வரை நூறு கிலோமீட்டரைத் தாண்டாது. புது வீட்டில் பழைய தேக்குத் தூண் நிறுத்த ஆசைப்படுகிறவர்கள், அதை எப்படி இறக்கினார்கள் என்று வியாபாரியிடம் கேளுங்கள். முறைப்படி இறக்கினால் கூலி இரண்டு மடங்கு, விலையும் ஏறும். ஏறினாலும் கேளுங்கள். என்னிடம் இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

மாலை நான்கு மணிக்குப் பேசி முடித்தது: கட்டையை உருவச் சொன்னது நான் என்று முதல் வரியில் என் கைப்பட எழுத வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்னுடையது. கையில் எட்டு லட்சம், இரண்டு தவணையில். மாதம் பன்னிரண்டாயிரம், சேகர் இருக்கும்வரை.