தாடையைக் கட்டிக்கொண்ட மத்தியானம்

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று முதலில் சொன்னவள் என் மருமகள். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். மூச்சு நிற்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இந்தத் தாராவியில் யாருக்கும் தகுதி கிடையாது. எங்கள் ஜமாஅத்தில் எந்தப் பெண் மவுத்தானாலும், மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று நான், இன்னொன்று லாத்தா. அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கூடப் பிறந்தவள் இல்லை, இரண்டு சந்து தள்ளி இருப்பவள், எனக்கு மூத்தவள். நின்ற மூச்சை நாங்கள் பார்த்த அளவுக்குப் பெரிய டாக்டர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நின்றது திரும்பி வந்து நான் கண்டதில்லை. அதனால் மருமகள் சொன்னதை வாய்க்கு வந்த பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன்.

அவள் விக்ரோலியில் பிறந்து வளர்ந்தவள். பாதி தமிழ், பாதி இந்தி, எதற்கெடுத்தாலும் போன். நான் தூங்குவதை அதில் பிடித்து வைத்திருந்தாள். "பாருங்க மாமி, இங்க பந்த் ஆயிடுச்சு. இன்னும் பந்த். இன்னும். ஆங், இப்பதான் வருது." படத்தில் ஒரு பொம்பளை முக்காடு நழுவி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். அது நான்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பகீரென்றது. ஆனால் மூச்சுக்காக இல்லை, அந்த வாய்க்காக. அப்படியொரு வாயை ஒரு மையத்துக்குக்கூட நான் விட்டுவைத்ததில்லை. "அதை அழி, யாருக்கும் காட்டாதே" என்று அவளைத் திட்டினேன்.

பகல் தூக்கத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. என் மகன் மாடியில் தோல் பை செய்கிறான், பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுப்பது நான். தையல் மிஷினில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, ஒரு தடவை ஊசி விரலில் இறங்கிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு மவுத் வீட்டில், பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்த நேரத்தில், சுவரில் சாய்ந்தபடி தூங்கிக் குறட்டையும் விட்டுவிட்டேன். லாத்தா தொடையில் கிள்ளி எழுப்பினாள். துக்க வீட்டில் முக்காட்டுக்குள் வாயைப் பொத்திச் சிரித்தவர்களை நான் பார்த்தேன். அந்த மானக்கேட்டுக்குப் பயந்துதான் செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஓர் இரவு உடம்பெல்லாம் வயரை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா என் மருமகள் சொன்னதையே சொன்னார். நாக்கும் தொண்டையும் தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறதாம். காற்றை உள்ளே தள்ளுகிற மிஷினோடு தூங்காவிட்டால் இதயம் தாங்காதாம், ஒரு நாள் எழுந்திருக்காமலே போய்விடலாமாம். நான் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரி என்றால் பயமுறுத்தாமல் எப்படிப் பிழைக்கும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மிஷின் வந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கைப் போட்ட உடனே நெஞ்சை அடைத்தது, பிய்த்து எறிந்தேன். அதனால் மூக்குக்கு மட்டும் வைக்கிற சின்ன மாஸ்க்கைக் கம்பெனிக்காரர் கொண்டுவந்தார். வயதான மராட்டிக்காரர், பொறுமைசாலி. "அம்மா, இதுக்கு ஒரே ஒரு ஷர்த்து. மூஹ் பந்த்" என்று தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கு ஆபரேஷனே லேசு, அண்ணே" என்று அவரிடம் இந்தியில் சொன்னான்.

வாய் மூடியிருக்கும்வரை அந்தக் காற்று குற்றம் சொல்லும்படி இல்லை. மூக்கு வழியாக ஏறித் தொண்டையில் நின்றுகொள்ளும். மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று உதட்டைத் திறந்தேனோ இல்லையோ, உள்ளே போன காற்றெல்லாம் வாய் வழியாகப் புஸ்ஸென்று கிளம்பியது. பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. என் வாயிலிருந்து என் அனுமதி இல்லாமல் இப்படி ஒன்று வெளியே போனது எனக்குப் பெரிய அதிர்ச்சி. விழித்திருக்கும்போதே இந்தக் கதி என்றால், தூங்கும்போது கேட்கவா வேண்டும்? தாடை தொங்கிவிடும், காற்று வீணாகிவிடும். காலையில் எழுந்தால் நாக்கு காய்ந்த அப்பளமாக மேலே ஒட்டியிருக்கும். இப்படியே இருந்தால் மிஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று டாக்டரம்மா போனில் கடிந்துகொண்டார்.

கம்பெனிக்காரர் திரும்ப வந்து கறுப்புப் பட்டி ஒன்றைக் கொடுத்தார். நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் ஒட்டிக்கொள்கிற பட்டி. பகலில் உட்கார்ந்தபடி அதை மட்டும் கொஞ்ச நேரம் கட்டிப் பழகுங்கள், தாடைக்கு வழக்கம் வந்துவிடும் என்றார். கட்டினேன். முடியைப் பிடித்து இழுத்தது, வேர்த்தது, வழுக்கிக்கொண்டு பின்மண்டைக்குப் போனது. இதைச் செய்தவன் ஜென்மத்தில் ஒரு தாடையையும் கட்டியிருக்க மாட்டான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் கட்டியிருக்கிறேன். உயிர் போன பிறகு தாடையைச் சீக்கிரம் கட்டாவிட்டால் வாய் திறந்தபடியே விறைத்துவிடும். அதனால் கோராத் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, நாடிக்குக் கீழே கொடுத்து, காதுக்கு முன்னால் ஏற்றி, உச்சியில் கொஞ்சம் ஓரமாக முடிச்சுப் போடுவோம். உதடு குவியாமல், பல்லும் கடிக்காமல், தூங்குகிற முகம் மாதிரி இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது கைப்பழக்கம். அந்தத் துணியைப் பார்த்தாலே சிலர் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு அதன்மேல் பயமும் கிடையாது, கோபமும் கிடையாது. வீட்டில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மருமகள் பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். மகன் மாடியில். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கறுப்புப் பட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். கோராவில் ஒரு பட்டை கிழித்தேன். கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே கட்டிக்கொண்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இருக்க வேண்டும், படுக்கக் கூடாது என்று மருமகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இடுப்பு வலித்தது. கொஞ்சம் முதுகைச் சாய்ப்போம் என்று தரையில் நேராக மல்லாந்து படுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எதிர் வீட்டுக்காரி நாங்குநேரிப் பக்கத்துப் பெண், இட்லி வியாபாரம். மாவுச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். உயிரோடு இருப்பவளுக்கு யாரும் தாடை கட்ட மாட்டார்கள். அவர்கள் வீட்டுச் சாவிலும் இதே கட்டுதான். கட்டியிருக்கிறது என்றால், பார்க்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பார்த்து, கட்டிவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போயிருக்கிறார்கள் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். கிட்டே வரவே இல்லை. லாத்தா வீட்டுக்கு ஓடினாள். வழியில் இரண்டு பேரிடம் சொன்னாள். அவர்கள் மாடி ஏறி என் மகனிடம் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்தது என் கால்தான். இரண்டு கட்டை விரல்களையும் யாரோ சேர்த்துப் பிடித்தார்கள். துணி சுற்றி வந்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். மையத்தின் கால்கள் அகலாமல் இருக்கப் போடுகிற கட்டு. அந்தக் கையும் எனக்குத் தெரியும். எத்தனையோ வருடமாக எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்த கை. தூக்கமும் விழிப்பும் பிரியாத அந்த நொடியில், சரி, நான் போய்விட்டேன் என்றே நினைத்தேன்.

காலை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். கத்தினேன். தாடை கட்டியிருந்ததால் கத்தல் வரவில்லை, மாடு மாதிரி ஓர் உறுமல்தான் வந்தது. வீடு கொள்ளாமல் நின்ற பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சந்துக்கு ஓடினார்கள். மாவுச் சட்டி உடைந்தது. லாத்தா மட்டும் ஓடவில்லை. என் காலடியில், கையில் துணியோடு, முகத்தில் சொட்டு ரத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிச்சை அவிழ்த்துவிட்டு எல்லோரையும் பிடித்து ஏசினேன். அந்தச் சந்தில் அன்றைக்கு நான் ஏசாத ஆள் இல்லை. "கட்டியிருந்தா செத்துட்டேன்னு அர்த்தமா? கிட்ட வந்து பாக்கக் கண்ணு இல்லையா ஒனக்கு?"

எதிர் வீட்டுக்காரி அழுதுகொண்டே சொன்னாள்: "யக்கா, நாங்க நெதமும் கேக்கோம்லா. ஒங்க கொறட்டை நின்னுரும். நாங்களும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடப்போம். மறுபடி சத்தம் வந்தாத்தான் எம் புருசன் திரும்பிப் படுப்பாரு. இன்னிக்கு வரலபோலன்னு நெனச்சிட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் தெரியுமாம். சந்து முழுக்கத் தெரியுமாம். ஒருத்தருடைய மூச்சைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லவில்லையாம். என் மகன் கையெல்லாம் பசையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் சேதி சொன்னவர்கள் பிறகு சொன்னார்கள்: அவன் எப்படி என்று கேட்கவில்லை, "எப்பம்?" என்று மட்டும்தான் கேட்டானாம். பெற்ற பிள்ளைக்குக்கூட என் சாவு ஆச்சரியமாக இல்லை.

மருமகள் வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துப் பதறி, விஷயம் தெரிந்ததும் எல்லோரையும் திட்டி, கடைசியில் என்னைத் திட்டினாள். என் மகன் போன் செய்திருந்ததால் என் நாத்தனார் முலுண்டிலிருந்து ரயில் ஏறி அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள், டீ குடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனாள். இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். சந்துக்காரர்கள் என்ன டாக்டர்களா? கட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள்தானே.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வீடு காலியான பிறகும் லாத்தா போகவில்லை. அவள் பேரில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

"அவளுக்குத்தான் தெரியல. நீங்க எத்தனை மையத்தப் பாத்தவிய, லாத்தா? உசுரு இருக்கா இல்லையான்னு பாக்காமலா காலக் கட்டினிய?"

"பாத்தேன்" என்றாள்.

"என்னத்தப் பாத்திய?"

"மூக்குல பொறங்கைய வச்சுப் பாத்தேம்ளா. ஒண்ணும் படல. இன்னாலில்லாஹி சொன்னேன், கைய எடுக்காமலே திருப்பியும் சொன்னேன். அப்பமும் படல. பொறவுதான் காலுக்குப் போனேன்."

மவுத்துக்கு ஓதுகிற அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லி முடிக்கும்வரை கை அங்கேயே இருந்திருக்கிறது. அந்தப் புறங்கையை எனக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு வீட்டில், எல்லோரும் அழுது முடித்து எங்களையும் வரவழைத்த பிறகு, லாத்தா கையை வைத்துப் பார்த்துவிட்டு "இருக்கு" என்றாள். வேறு யாருக்கும் தெரியாத மூச்சு. அந்தப் பெண் இன்றைக்கும் மாட்டுங்காவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கை தப்பி நான் பார்த்ததில்லை. என் விஷயத்திலும் தப்பவில்லை. அவள் கையை வைத்தபோது என் மூச்சு இல்லை. அவள் என் காலுக்கு நகர்ந்த பிறகு எப்போதோ அது திரும்பி வந்திருக்கிறது. வராமலும் இருந்திருக்கலாம்.

டாக்டரம்மா காகிதத்தை வைத்துக்கொண்டு சொன்னபோது வராத பயம், மருமகள் படம் காட்டியபோது வராத பயம், அப்போது வந்தது. லாத்தா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

பிறகு நானே மிஷினை இழுத்து வைத்தேன். மாஸ்க்கை மூக்கில் பொருத்தினேன். கறுப்புப் பட்டியை எடுத்து லாத்தாவிடம் கொடுத்தேன். வழுக்காமல் கட்ட அவளால்தான் முடியும். நாடிக்குக் கீழே கொடுத்து, காதுக்கு முன்னால் ஏற்றி, உச்சியில் கொஞ்சம் ஓரமாக ஒட்டினாள். மிஷினை நான் போட்டேன். காற்று ஏறித் தொண்டையில் நின்றது. வாய் திறக்கவில்லை.

ஒரு தாடையைக் கட்டி முடித்ததும் உள்ளங்கையால் கண்களை மேலிருந்து கீழே தடவி மூடிவிடுவது லாத்தாவின் வழக்கம். பழக்கதோஷத்தில் அவள் கை என் நெற்றிக்கு வந்துவிட்டது. இமையைத் தொடுவதற்கு முன்னால் நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. நான் கண்ணைத் திறந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.