எலிக்கும் மாஸ்டருக்கும் நடந்த வழக்கு

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, மாத்திரை ஒன்றைத் தேநீரில் போடுகிறார் அர்த்தநாரி. அது குமிழ் விட்டுக் கரைகிற வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் விரலை மட்டும்தான் தூக்குவார். கரைந்த பிறகே கேட்பார்: "இப்பச் சொல்லுங்க, என்ன விசயம்?"

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். அங்கே எல்லாருக்கும் சர்க்கரை கலந்த டீ ஒரே போசியில் வரும். மாஸ்டருக்கு மட்டும் தனி கிளாஸ். மாறிவிடாமலிருக்க அதன் கழுத்தில் சிவப்பு வேஸ்ட் நூல் கட்டியிருக்கும். சர்க்கரை வியாதி வந்து வருடங்கள் ஆகின்றன. இதே வியாதியில் அவருடைய அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இனிப்பு என்று எதையும் தொட்டதில்லை. சர்க்கரை இல்லாமலே இனிக்கிற இந்தச் சாக்ரின் மாத்திரை ஒன்றுதான் அவருடைய நாக்குக்கு மிச்சம்.

அதிலும் மண் விழுந்தது. எழுபத்தேழாம் வருடம் பங்குனி மாதம். டெய்லர் அங்கமுத்து டீ நேரத்தில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். கனடாவில் எலிகளுக்குச் சாக்ரின் கொடுத்தார்களாம். மூத்திரப் பையில் புற்று வந்ததாம். அமெரிக்காவில் தடை போடப் போகிறார்களாம். படித்துவிட்டு அவர் சிவப்பு நூல் கட்டிய கிளாஸைப் பார்த்தார். கம்பெனியே பார்த்தது.

"எலிக்கு எத்தன குடுத்தானாம்? அதப் படிங்க அங்கமுத்து."

"அது கெடக்குதுங்க மாஸ்டர். அமெரிக்காக்காரனுக்குத் தெரியாததா?"

"எலிக்குக் குடுத்த அளவு நாம திங்கோணும்னா அண்டா அண்டாவா இந்த டீயக் குடிக்கோணுமுங்க. அண்டாத் தண்ணி குடிச்சாலே மனுசன் செத்துருவான். அவன் எலியப் பாக்குறான், நான் என்ர டீயப் பாக்குறேன்."

போனஸ் பேச்சுக்குக்கூட அந்தக் கம்பெனியில் இப்படிக் கட்சி பிரிந்ததில்லை. டெய்லர்கள் எலி பக்கம், செக்கிங் பெண்கள் மாஸ்டர் பக்கம். பனியன் மடிக்கிற மருதம்மாள் மட்டும், சோடாக்கடைக் கலரிலும் இதைத்தானே போடுகிறார்கள் என்று கேட்டு இரண்டு கட்சியையும் கலர் குடிப்பதை நிறுத்த வைத்தார். அர்த்தநாரி தினமும் வாதத்தில் ஜெயித்தார். ஜெயித்துவிட்டு ஒதுக்குப்புறம் போகிறவர், போன காரியம் முடிந்த பிறகும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பாவம், பயம் இல்லாமலா?

வம்பு அங்கே நின்றிருந்தால் தேவலை. அவர் மகளுக்கு அவிநாசிபாளையத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள், வைகாசியில் முகூர்த்தம். அந்த ஊரிலிருந்து கம்பெனிக்கு வேலைக்கு வருகிற ஆட்களோடு இந்தச் சேதியும் தாராபுரம் பஸ் ஏறியது. வழியில் எலி தொலைந்தது, கனடா தொலைந்தது. மாத்திரையும் புற்றும் மட்டும் அவிநாசிபாளையத்தில் இறங்கின. மாஸ்டர் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார், நூல் விலையைப் பற்றிப் பேசினார், கடைசியில் வந்த காரியத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு ஏதோ பெரிய சீக்குன்னு எங்கூர்ல பேச்சுங்க. ஏதோ மாத்திர சாப்புடறீங்களாமா?"

எலிக் கதை முழுக்க அர்த்தநாரியின் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அதை எடுத்தால், எதற்காகச் சாக்ரின் என்று சொல்லியாக வேண்டும். சர்க்கரை வியாதி வம்சத்தில் இறங்கும் என்று அவிநாசிபாளையத்துக்கும் தெரியும். புற்று இல்லை என்று நிரூபித்தால் சர்க்கரை வெளியே வரும். இரண்டில் எது வந்தாலும் கல்யாணம் நிற்கும். கம்பெனியையே வாயடைக்க வைத்த மனுசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கல்லாட்டம் இருக்காரு" என்றாள் மனைவி ஜானகியம்மாள்.

"அப்படித்தானுங்க நானும் சொன்னேன்" என்று ஆறுமுகசாமி மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்துட்டு வந்தமுங்க. பஞ்சாமிர்தம். சம்பந்தி மொதல்ல வாயில போடோணும்."

இரண்டுமே முருகனுக்கு ஆட்பட்ட குடும்பங்கள். பழனிப் பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்ன ஆள் அந்தச் சாதிசனத்திலேயே கிடையாது. ஜானகியம்மாள், "காத்தால இருந்து அவுருக்கு வகுறு..." என்று ஆரம்பித்து, ஆறுமுகசாமி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அர்த்தநாரி உள்ளங்கையை நீட்டினார். கரண்டி நிறைய விழுந்தது. கண்ணை மூடி, "முருகா" என்று சொல்லி வாயில் போட்டார். வாழைப்பழமும் நெய்யும் சர்க்கரையும் பேரீச்சையும் சேர்ந்து தொண்டையில் இறங்கின.

ஆறுமுகசாமி அவருடைய வாயைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "சீக்காளியா இப்படிச் சாப்புடுவான்? ஊருக்கென்னங்க, நாக்குல நரம்பு கெடையாது. வைகாசில வெச்சுக்கலாமுங்க."

"ஆகட்டுமுங்க" என்றாள் ஜானகியம்மாள். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டப்பாவை மூடக் கையைக் கொண்டுபோனாள்.

அர்த்தநாரி உள்ளங்கையை நக்கினார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக நக்கினார். பிறகு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், கையை மறுபடியும் நீட்டினார்.