வீடியோவில் கேட்காத பதில்

1. நிறுத்தினேன்

இரண்டாவது ரவுண்டில் ரிஸ்வான் விழுந்தான். போர் முடிந்த அடுத்த வருடம், கல்முனைப் பக்கத்துப் பாடசாலை மண்டபம் ஒன்றில் நடந்த குத்துச்சண்டைப் போட்டி அது. ரெஃப்ரி நான்.

எதிரே ஆடிய பொத்துவில் ஊர்ப் பொடியன் வலது கையை வீசினான். ரிஸ்வான் பின்னுக்குப் போனான். கோர்னரில் யாரோ கொட்டிய தண்ணீரில் கால் போய், பின்தலை அடிபட விழுந்தான். அவனை விழுத்தியது குத்தா, தண்ணீரா என்று எனக்கே தெரியாது. எனக்கும் அந்தக் கைக்கும் நடுவில் பொத்துவில் பொடியனின் முதுகு இருந்தது. ரெஃப்ரிக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை ரிங்குக்குள் ஏறிப் பார்க்க வேண்டும்.

எண்ணத் தொடங்கினேன். பாதியிலேயே எழும்பிவிட்டான். எட்டு வரை எண்ணி முடித்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"பேரென்ன?"

"ரிஸ்வான் சேர்."

"எங்க நிக்காய்?"

"ரிங்குக்குள்ள."

"ஊடு எங்க?"

"கடக்கர றோட்டு சேர். பள்ளிக்குப் பின்னால."

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டி பவுட்டை, அந்தச் சண்டையை, நிறுத்தினேன்.

அந்த வீடு எனக்குத் தெரியும். என் பழைய தெருவுக்கு அடுத்த தெரு. சுனாமியில் அது அத்திவாரம் மட்டும் மிஞ்சப் போய்விட்டது. ரிஸ்வானின் வாப்பாவும் உம்மாவும் அதற்குள் இருந்தார்கள். கடலோரத்தில் திரும்பக் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், அவனும் ராத்தா என்று அவன் கூப்பிடும் அக்கா பஸ்மிலாவும் வயல் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருந்தார்கள். எனக்கும் அங்கேதான் வீடு கிடைத்தது. காலையில் அவன் ஓடப் போவதை என் முற்றத்திலிருந்து பார்ப்பேன்.

2. முறைப்பாடு

ரிஸ்வானின் கோச் அன்ஸார் மாஸ்டர் கயிற்றுக்குள் தலையை விட்டுக் கத்தினார்.

"என்ன சேர் நீங்க, தண்ணியில சறுக்கி உழுந்த பொடியன நிப்பாட்டுறீங்க? ஊர்ப் பொடியன ஊராளே தோக்கடிக்கிறா?"

அவர் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதில் வென்றவனுக்குக் கொழும்பில் பயிற்சி. அங்கே தேறினால் ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் அணியில் இடம், அதோடு நிரந்தர வேலை. ராத்தா இரவு பகலாகத் தையல் மெஷின் மிதித்து அவனை வளர்த்தாள். அவள் கலியாணமே இவனுக்காகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குத்துச்சண்டைக்காரனின் கையில் இதெல்லாம் தொங்கினால், ரெஃப்ரியின் கை தூக்கப்படும்போது எல்லாமே விழுந்த மாதிரித்தான் தெரியும்.

சறுக்கி விழுந்தவனை நிறுத்தியிருந்தால் முறைப்பாடு கொடுக்கலாம், ஜூரி வீடியோ பார்த்து முடிவு சொல்லும் என்று அந்தப் போட்டிக்குத்தான் புதிதாக ஒரு விதி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். வெளிநாட்டில் போல நம்மிடமும் வந்துவிட்டதாம். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் நிமலனைக் கூட்டி வந்து, ஜட்ஜ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கமெராவை நிறுத்தியிருந்தார்கள். நமக்கு வந்தது அந்த ஒரு கமெராதான்.

3. டீவிக்கு முன்னால்

விளையாட்டுச் சாமான் அறையில் சின்ன டீவி. ஜூரித் தலைவரும் இன்னும் இருவரும் கதிரையில், நான் கதவோரம். போட்டிக்கு வந்த டொக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு வந்து மதியமே போயிருந்தார்.

நிமலன் மெதுவாக ஓட்டினார். குத்து காதோரம் காற்றில் போகிறது. கால் தண்ணீரில் சறுக்குகிறது. சந்தேகமே இல்லை. சறுக்கல்தான். நானும் பார்த்தேன், ஒப்புக்கொண்டேன். பிறகு ரிஸ்வான் எழும்புகிறான், நேராக நிற்கிறான், நான் கேட்கிறேன், அவன் வாய் அசைகிறது, தலையாட்டுகிறான். சத்தம் எல்லாம் சனத்தின் கூச்சல். அவன் சொன்ன ஒரு சொல்லும் அதில் இல்லை.

"பாருங்க சேர், பொடியன் எவ்வளவு தெளிவா இரிக்கான்" என்றார் தலைவர்.

"ஊட்டக் கேட்டன். கடக்கர றோட்டு எண்டான்."

தலைவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அலுத்துப்போன சிரிப்பு.

"சேர், நேத்து ஓட்டோக்காரனுக்கிட்ட நானும் பழைய றோட்டத்தான் சொன்னன். பாதி வழியிலதான் நெனவு வந்திச்சி. எங்கட ஊட்டுக்காரி இண்டைக்கும் 'ஊட்ட' எண்டு சொன்னா அது கடல் கொண்டு போன ஊடுதான். இதுக்காகப் பவுட்ட நிப்பாட்டினா இந்த ஊரில ஆரு விளையாடுற?"

அவர் சொன்னது பொய் இல்லை. நானே ஒரு தடவை வங்கியில் பழைய விலாசத்தை எழுதிவிட்டு வெட்டியிருக்கிறேன். எங்கள் கரையில் அது நோய் இல்லை, வழக்கம்.

"அடியில வந்த மறதியா, பழக்கத்தில வந்த பேச்சா? நிச்சயமா சொல்லுங்க சேர். சொன்னா முறைப்பாட்டத் தள்ளிடுறன்" என்றார் தலைவர்.

"நிச்சயம் இல்ல. அதனாலதான் நிப்பாட்டினன்."

சுனாமியன்று பள்ளிவாசல் விறாந்தையில் ஒரு மனிதரைக் கொண்டுவந்து இருத்தினேன். கரையில் மீன் வாடி போட்டு வியாபாரம் செய்தவர். பின்தலையில் சுவர் அடித்திருந்தது. இரத்தமே இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், என்னோடு நன்றாகக் கதைத்தார். "ஊட்ட போயிட்டு வாறன் தம்பி" என்று இரண்டு தடவை எழும்பினார். எல்லோரும் அவர் பதற்றத்தில் கதைக்கிறார் என்று நினைத்தோம். அன்று யார்தான் பதறவில்லை? அஸர் தொழுகை நேரத்துக்கு முன்னால் உயிர் போய் மௌத்தாகிவிட்டார். நன்றாகக் கதைக்கிற மனிதரைப் பற்றி எனக்கு அதற்குப் பிறகு நம்பிக்கை குறைந்துவிட்டது.

இதை அந்த அறையில் சொன்னேன். தலைவருக்கும் அந்தக் கடலில் ஆட்கள் போயிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டீவியைக் காட்டி, "எங்களுக்கிட்ட கேட்டிருக்கிறது சறுக்கலா, அடியா எண்டுதான் சேர். அது சறுக்கல்" என்றார்.

பவுட்டைத் தொடரச் சொல்லி முடிவு வந்தது. நான் ஏறவில்லை. வேறொருவர் ஏறினார்.

4. வென்றான்

மிச்ச ரவுண்டை மண்டபத்தின் பின்பக்கம் நின்று பார்த்தேன். ரிஸ்வான் நன்றாக விளையாடினான். உண்மையைச் சொன்னால் அன்று அவன் விளையாடியது போல அவன் முன்பு விளையாடி நான் பார்க்கவில்லை. தலையில் பெரிதாக ஒரு குத்தும் விழவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. வயது போனால் பயமும் கூடவே வந்துவிடுகிறது என்று நினைத்தேன். ஜட்ஜ்மார் அவனுக்கே கொடுத்தார்கள்.

குளோவ்ஸைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"சேர், என்னோட கோவமா?"

"கோவம் ஒண்டுமில்ல மனே. தல வலிக்குதா?"

"இல்ல சேர். நல்லா இரிக்கன்."

சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், சாமான் கொடுக்க வந்தவர்களும் கணக்கெடுக்க வந்தவர்களும், எங்களிடம் கேட்டது எப்படி இருக்கிறீர்கள் என்று. 'நல்லா இரிக்கன்' என்பது நாங்கள் எல்லோரும் படித்துவைத்திருந்த பதில். அவனும் அதைத்தான் சொன்னான்.

வேனில் போகும் வழியில் வாந்தி எடுத்தான். வெற்றிக்கு வாங்கிக் கொடுத்த கொத்து ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். வீட்டு வாசலில் மயங்கி விழுந்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், தலையைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. கொழும்புக்கு அவனுக்குப் பதில் பொத்துவில் பொடியன் போனான்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அதிலும் வீடியோதான் போட்டார்கள். அடி இல்லை, சறுக்கல், விதிப்படி நடந்தது என்று எழுதினார்கள். ஒரு எழுத்தும் பிழை இல்லை.

5. கேட்கிறவர்களுக்கு

இப்போது ரெஃப்ரி வகுப்புகளுக்கு என்னை அழைத்தால், ரீப்ளே வேண்டுமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஊருக்கொரு ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி போட்ட காலத்தையும் நான் பார்த்தவன். ஒரு கமெரா இல்லை, நாலு பக்கமும் வையுங்கள். குத்து பட்டதா, இடுப்புக்குக் கீழே அடித்தானா, சறுக்கினானா எல்லாம் பாருங்கள், ரெஃப்ரியின் பிழையைத் திருத்துங்கள்.

ஆனால் பொடியனின் முகத்தைப் பார்த்து, அவன் பதிலைக் கேட்டு ரெஃப்ரி நிறுத்தினால், அதை டீவிக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். அவனை டொக்டரிடம் கொண்டுபோங்கள். டொக்டர் இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சந்தேகத்தில் நிறுத்திய பவுட் அநியாயமாகவே இருக்கட்டும், அடுத்த வருடம் திரும்ப விளையாடலாம். இதைச் சொல்லும்போது பின்வரிசையில் சிலர் கொட்டாவி விடுவார்கள். விடட்டும்.

பின்னேரங்களில் நான் கடற்கரைக்கு நடக்கப் போவேன். ரிஸ்வானும் வருவான். இடது காலை இழுத்து இழுத்து, வீட்டுத்திட்டத்திலிருந்து அவ்வளவு தூரமும் நடந்து, கடற்கரை றோட்டில் பள்ளிவாசலுக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் அத்திவாரத்தில் வந்து உட்காருவான். என்னைக் கண்டால் எழும்பி சலாம் சொல்வான். மரியாதை ஒன்றும் குறையவில்லை. பொழுது சாயும் மஃரிபு நேரத்துக்கு பஸ்மிலா கூட்டிப்போக வருவாள். அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

போன கிழமையும் வந்தாள். அவன் எழும்ப மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ராத்தா, எவ்வளவு நேரமா கூப்பிடுறன். உம்மா கதவத் திறக்கா இல்ல."

பஸ்மிலா குனிந்து அவன் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"உம்மா தொழுறா போல" என்றாள். "வா, புறகு வருவம்."